கண்ணாடித் தொட்டிக்குள் "கொலை"! கடல் மீன் வாங்கப் போகிறவர்களே, உஷார்!

அனந்தபுரம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொட்டியில் 8 மீன்கள் இருந்தன. திங்கட்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தால் 6 மீன்கள்தான்!

செத்த மீன் ஒன்றாவது மிதக்க வேண்டுமே? இல்லை. தொட்டியைச் சுற்றித் தரையில் தேடினார்கள். அங்கேயும் இல்லை. பூனை வந்து போன தடயமும் இல்லை. மூடி போட்டது போட்டபடி இருந்தது.

செவ்வாய்க்கிழமை இன்னொன்று மாயம்.

தொட்டிக்குச் சொந்தக்காரர் வேறு யாரும் அல்ல. என் தாய்மாமன். அனந்தபுரம் கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். சீட்டு எடுத்த பணத்தில் 30 ஆயிரம் ரூபாயைக் கொட்டி, கடை வாசலில் கடல் மீன் தொட்டி வைத்தார். "செஞ்சிக்குப் போற பஸ்ஸில் இருக்கிறவன்கூட எட்டிப் பார்க்கணும் மாப்ளே" என்பது அவர் ஆசை.

பஸ்காரர்கள் எட்டிப் பார்த்ததற்குள் பாதி மீன் காணாமல் போய்விட்டது.

எனக்குப் போன் வந்தது. "நீ கொலை கேசெல்லாம் எழுதுறவன்தானே? வந்து இதைக் கண்டுபிடி" என்றார். கோபத்தில் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. விழுப்புரத்தில் இருந்து பஸ் ஏறினேன்.

சந்தேகப் பட்டியல்

தொட்டியில் குடி வைக்கப்பட்டவர்கள் விவரம் வருமாறு:- ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் 2. கத்தரிப்பூ நீலத்தில் விரல் நீள டாம்சல் மீன் 3. செதிலெல்லாம் விரித்துக்கொண்டு மயில் மாதிரி நிற்கும் சிங்க மீன் 1. கிளாத்தி 1. கருநீலத்தில் வெள்ளை வளையம் வளையமாகப் போட்ட ஏஞ்சல் குஞ்சு 1.

கடைக்காரர் ஒருவர் "எல்லாம் கடல் மீன்தான் சார், ஒண்ணா இருக்கும்" என்று சொல்லி ஒரே நாளில் கட்டிக் கொடுத்திருக்கிறார். எந்த ஊர்க் கடை என்பது இங்கே வேண்டாம்.

முதலில் கிளாத்தி மேல்தான் சந்தேகம் விழுந்தது. அதன் பல்லைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். நண்டு ஓட்டையும் சங்கையும் உடைத்துத் தின்கிற பல். ஏஞ்சல் குஞ்சின் வால் செதிலை அது கடித்துக் குதறி இருந்ததும் உண்மை.

ஆனால் கிளாத்திக்கு ஒரு சாட்சி இருந்தது. அது பகலில் நடமாடும் மீன். இருட்டினால் பாறை இடுக்கில் புகுந்து, முதுகு முள்ளை நட்டுக்கொண்டு, பூட்டுப் போட்ட மாதிரி தூங்கும். இழுத்தாலும் வராது. மீன்கள் காணாமல் போனதோ இரவில்.

அப்புறம்தான் சிங்க மீனைக் கவனித்தேன். அசையாமல் மூலையில் நின்றது. சாது மாதிரி முகம். வயிறு மட்டும் புடைத்திருந்தது!

துப்பு துலங்கிவிட்டது.

சிங்க மீன் கடித்துத் தின்னாது. அந்தி சாய்ந்ததும் இரையை மெதுவாக மூலைக்குத் தள்ளும். வாயைத் திறக்கும். ஒரே உறிஞ்சு. இரை முழுசாக உள்ளே போய்விடும். தன் நீளத்தில் பாதி இருக்கிற மீனைக்கூட விழுங்கிவிடும். பிணம் கிடைக்காததன் மர்மம் இதுதான்.

அந்தச் சிங்க மீனைக் கையால் பிடிக்க மாமா தொட்டிக்குள் கையை விட்டார். நல்ல வேளையாக நான் தடுத்தேன். அதன் முதுகு முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் ஆள் சாவது அரிது. ஆனால் வலி தாங்காது. குத்து வாங்கியவர் கையைப் பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதையும் விற்றவர் சொல்லவில்லை.

பெரிய கொலைகாரன் வேறு ஆள்!

சிங்க மீனைப் பிடித்து பக்கெட்டில் போட்டதோடு கேஸ் முடிந்தது என்று நினைத்தோம். வியாழக்கிழமை எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சனிக்கிழமைக்குள் கோமாளி, கிளாத்தி, ஏஞ்சல் மூன்றும் போய்விட்டன. பக்கெட்டில் இருந்த சிங்க மீனும் போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு நீல டாம்சல்.

இந்தக் கொலைகாரன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். பெயர் அமோனியா.

மீன் தின்கிறது. கழிவு விடுகிறது. தின்னாத தீனி அழுகுகிறது. இதில் இருந்து அமோனியா உண்டாகும். கடலில் அது கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். தொட்டியில் எங்கே போகும்?

நல்ல பாக்டீரியா இருந்தால் பிழைத்தோம். ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு மோசம் இல்லை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் சமாளித்துவிடலாம். இந்த பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் ஒரு மீன்கூட விடக் கூடாது.

மாமா தொட்டி வைத்து எட்டாவது நாளே 8 மீன் விட்டார். "வெறும் தண்ணியை ஒன்றரை மாசம் பார்த்துகிட்டு இருக்கச் சொல்றியா?" என்று கேட்டார். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். உரிக்காத இறால் ஒன்றைத் தொட்டியில் போட்டு அழுக விட்டால் போதும், பாக்டீரியாவுக்குத் தீனி கிடைத்துவிடும். சோதனை மருந்து வாங்கித் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அமோனியா பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்த பிறகுதான் மீன் கடைக்குப் போக வேண்டும்.

சிலர் இந்த வேலைக்கு டாம்சல் மீனை விடுவார்கள். "சாகாது, மலிவு" என்பார்கள். சாகாது என்பது கிட்டத்தட்ட உண்மை. மாமா தொட்டியில் மிஞ்சியதும் அதுதானே! ஆனால் அப்படிப் பிழைத்த டாம்சல், முழுத் தொட்டியும் தன் பட்டா நிலம் என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் எந்த மீனை விட்டாலும் விரட்டி விரட்டிக் கடிக்கும். அதைப் பிடித்து வெளியே எடுக்கப் பாறையை எல்லாம் கலைக்க வேண்டி வரும்.

குப்பி, தங்கமீன் வளர்த்தவர்கள் "நாங்க பார்க்காத தொட்டியா?" என்று இதில் இறங்கி ஏமாறுகிறார்கள். கடல் தண்ணீரில் காரத்தன்மை அதிகம். காரம் ஏற ஏற அமோனியாவின் விஷமும் ஏறும். குளத்து மீன் தாக்குப் பிடிக்கிற அளவு, கடல் மீனைக் கொன்றுவிடும்.

மரக்காணம் உப்பு போதாதா?

இது மாமா கேட்ட கேள்வி. நம்ம மாவட்டத்தில் எல்லோரும் கேட்கக்கூடிய கேள்வி.

திண்டிவனத்தில் பஸ் பிடித்தால் மரக்காணம். ரோட்டோரம் உப்பளம், வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல். அதில் 7 கிலோ அள்ளி வந்து தண்ணீரில் கலக்கினால் கடல் தண்ணீர் ஆகிவிடாதா?

ஆகாது. உப்பளத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைக் காய விடுவது எதற்கு? சாப்பாட்டு உப்பை மட்டும் பிரித்து எடுக்கத்தான். கடல் நீரில் அதோடு மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. உப்பு படிந்த பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு அவற்றில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. மீனுக்கும் பவளத்துக்கும் அவை எல்லாம் வேண்டும். ஆகவே தொட்டிக்கென்று தயாரித்த கடல் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும்.

கணக்கு இதுதான். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு. மொத்தம் 7 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீர் எடை மட்டும் 190 கிலோ. கண்ணாடி, பாறை, மணல் சேர்த்தால் கால் டன்னைத் தாண்டும். பெயிண்ட் டப்பா அடுக்குகிற ஷெல்பில் இதை வைக்கலாமா? மாமா வைத்திருந்தார்!

போர் தண்ணீரும் ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரில் கலக்குவதே நல்லது. உப்பின் அளவைப் பார்க்க ஒரு கருவி உண்டு. அது 1.025-ஐக் காட்ட வேண்டும்.

மரக்காணத்துக்கே போய் கேன் கேனாகக் கடல் தண்ணீர் பிடித்து வரலாமே என்றால், கரையோரத் தண்ணீரில் கழிமுகத்துச் சேறு, டீசல், சாக்கடை எல்லாம் சேர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் கலந்து உப்பு குறைந்து போகும். வடிகட்டி, சோதித்து, சேமித்து வைக்கத் தெரிந்தவர்களுக்கு அது சரி. புதியவர்களுக்கு வேண்டாம்.

உப்பளத்துக்காரருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை மாமா மறந்துவிட்டார். தண்ணீர்தான் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. தொட்டியில் தண்ணீர் குறைந்தது என்று அவர் தினமும் உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்தார். நாளுக்கு நாள் தொட்டி கரிக்கத் தொடங்கிவிட்டது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

ஜெயில் வரை போக இருந்த கதை

மீன் செத்த துக்கத்தில் மாமா திரும்பவும் அதே கடைக்குப் போனார். நானும் கூடவே போனேன். போனது நல்லதாயிற்று.

கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கடல் குதிரை ஜோடி இருக்கு. நிஜப் பவளமும் தர்றேன். பில் கிடையாது" என்றார்.

மாமா பர்ஸை எடுத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாசகர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கடினப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை இவை எல்லாம் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் சேர்க்கப்பட்டவை. புலிக்கும் யானைக்கும் அந்த அட்டவணையில்தான் இடம். பவளம் செத்த கல்லாக இருந்தாலும் சட்டம் விடாது. முதல் அட்டவணை உயிரைப் பிடித்தோ விற்றோ மாட்டிக்கொண்டால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில். அபராதம் தனி.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றித்தான் தமிழ்நாட்டின் பெரிய பவளப் பாறைகள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டிட வேலைக்கும் பல ஆண்டுகள் அந்தப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் 2 தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. 1986-ல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. வெட்டுவது நின்றாலும் வெயில் விடவில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்தன.

அப்படியானால் பவளத் தொட்டி ஆசையை விட வேண்டியதுதானா? வேண்டாம். பீங்கானிலும் சிமெண்டிலும் செய்த செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. அதில் நுண்துளைகள் இருப்பதால் பாக்டீரியா நன்றாகக் குடியேறும். மீனுக்குத் தேவை ஒளிய இடம். அது பவளமா பீங்கானா என்று மீன் கேட்காது.

மீன் கடைகளையும் ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. 2017-ல் மத்திய அரசு வண்ண மீன் கடைகளுக்கென்று விதிகள் கொண்டு வந்தது. 150-க்கும் மேற்பட்ட மீன்களைக் காட்சிக்கு வைக்கவும் விற்கவும் கூடாது என்றது. கோமாளி மீன்கூட அந்தப் பட்டியலில் இருந்தது. வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். பிறகு விதிகள் வாபஸ் ஆயின. எது கூடும், எது கூடாது என்பதில் அந்தக் குழப்பம் இன்னும் பலர் மண்டையில் இருக்கிறது. ஆனால் கடல் குதிரையிலும் பவளத்திலும் எந்தக் குழப்பமும் கிடையாது. "பில் கிடையாது" என்று சொல்கிறவருக்கு அது நன்றாகவே தெரியும்.

வீட்டுக்கு ஏற்ற மீன் எது?

விஷயத்துக்கு வருவோம்.

முதல் மரியாதை கோமாளி மீனுக்கு. அழகுக்காகச் சொல்லவில்லை. அது தொட்டியிலேயே பிறந்து வளரும் மீன் என்பதுதான் காரணம். கடைகளுக்கு வரும் கடல் மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. பிலிப்பைன்ஸ் பக்கம் சயனைடைப் பீய்ச்சி மயக்கிப் பிடிக்கிற கொடுமை 1960-களிலேயே தொடங்கியது. அப்படிப் பிடித்த மீன் பார்க்க நன்றாக இருக்கும். சில வாரத்தில் காரணம் தெரியாமல் செத்துவிடும். பொரிப்பகத்தில் பிறந்த மீனுக்கு இந்த வம்பு இல்லை. தூள் தீனியைத் தின்னப் பழகியே வரும்.

இதற்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அதைச் செய்தது. பரங்கிப்பேட்டை நமக்கு அந்நியமா? 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆகும் வரை நாம் எல்லோரும் ஒரே தென்னாற்காடுதானே!

கோமாளியிடம் ஒரு வேடிக்கை உண்டு. குஞ்சுகள் எல்லாமே ஆணாகத்தான் வளரும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும். வீட்டில் ராஜ்யம் அவள் கையில். அவள் செத்தால், புருஷன் பெண்ணாக மாறுவான். ஆகவே கடையில் "ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு குடு" என்று கேட்டு நிற்க வேண்டாம். சின்னதும் பெரியதுமாக 2 குஞ்சு வாங்கினால் மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது ஆள் அடி வாங்கியே சாகும்.

கோமாளி குடியிருக்கும் கடல் சாமந்தியையும் சேர்த்து வாங்கினால்தான் அது வாழும் என்பார்கள். பொய். தொட்டியில் அது இல்லாமலே கோமாளி சந்தோஷமாக இருக்கும். கடல் சாமந்திக்குத்தான் பலத்த வெளிச்சமும் பழுத்த தொட்டியும் வேண்டும். அது ஊர்ந்து போய் மோட்டாரில் சிக்கினால் தொட்டியே நாறிவிடும்.

அடுத்தது மணல் தோண்டும் கோபி மீன். இதன் கூட்டாளி ஒரு வெடி இறால். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது வளை தோண்டும். கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலின் மீசை எப்போதும் கோபியின் மேலேயே பட்டுக்கொண்டு இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு சிலுப்பு சிலுப்பும். இரண்டும் ஒரே பாய்ச்சலில் வளைக்குள்! கண்ணாடி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

பாங்காய் கார்டினல் என்று ஒரு மீன். கறுப்பு வெள்ளைக் கோடு போட்டது. சொந்த ஊர் இந்தோனேசியாவில் பாங்காய் தீவு. பெண் முட்டை போட்டதும் ஆண் அதை வாயில் அடக்கிக்கொள்ளும். ஏறக்குறைய ஒரு மாதம் பட்டினி கிடந்து குஞ்சுகளைக் காப்பாற்றும். கடலில் இதைப் பிடித்துப் பிடித்தே அழிவின் விளிம்புக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். ஆகவே பொரிப்பகத்து மீன்தானா என்று விசாரித்த பிறகே வாங்க வேண்டும்.

பாறைமேல் உட்கார்ந்து பாசி மேயும் பிளென்னி, பாதி வெள்ளையும் பாதி சிவப்புமாக நெருப்புச் சுடர் போல் நிற்கும் சின்ன மீன், இவையும் சாது. சுடர் மீன் மட்டும் பயந்தால் எகிறிக் குதிக்கும். மூடி இல்லாத தொட்டியில் விட்டால் காலையில் தரையில் கருவாடு.

3 அடித் தொட்டிக்கு இவற்றில் 4, மிஞ்சினால் 5 மீன். அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடக் கூடாது. பயந்த மீன் முதலில். ரவுடி கடைசியில். நடுவில் 2, 3 வாரம் இடைவெளி.

இவை வேண்டவே வேண்டாம்

நீல நிற டோரி மீனைச் சினிமாவில் பார்த்துவிட்டுக் குழந்தைகள் கேட்கும். கடையில் விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி. 6 அடித் தொட்டி இல்லாமல் அதை வாங்குவது, குதிரையைக் கழிவறையில் கட்டுவது போல. வாலடியில் கத்தி போல் முள் உண்டு. வெள்ளைப் புள்ளி நோய் முதலில் அதைத்தான் பிடிக்கும். 2016-ல்தான் அமெரிக்காவில் புளோரிடாவில் முதல் தடவையாக அதைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்தார்கள்.

மாமா வாங்கிய ஏஞ்சல் குஞ்சுக்கும் அதே கதை. வளர்ந்தால் அந்த வளையங்கள் மறைந்து மஞ்சள் கோடு வரும். நீளம் ஓர் அடியைத் தாண்டும். வாங்கிய மீன் இதுதானா என்று மாமாவே சந்தேகப்பட்டிருப்பார், அதுவரை அது உயிரோடு இருந்திருந்தால்.

வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல, உயிருள்ள பவளத்தைக் கொத்தித் தின்றே பழகியவை. தொட்டியில் என்ன போட்டாலும் திரும்பிப் பார்க்காது. பட்டினி கிடந்து சாகும். பட்டுச்சேலை மாதிரி இருக்கும் மாண்டரின் மீனும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் அதற்கு. சின்னத் தொட்டியில் ஒரே மாதத்தில் பூச்சி தீர்ந்துவிடும். மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் நீலக்கோட்டு மீனையும் "டாக்டர் மீன்" என்று தலையில் கட்டுவார்கள். நாலு மீனின் அழுக்கு அதற்கு எப்படிப் போதும்?

களவாய் மீனைக் குஞ்சிலே விற்கிறார்கள். அது குழம்புக்கு நல்ல மீன். தொட்டிக்கு அல்ல. பேத்தை மீன் உப்பிக் காட்டும் என்று சீண்டுகிறவர்கள் உண்டு. பாவம், அது பயத்தில் உப்புகிறது. செத்தால் அதன் உடம்பில் விஷம் வேறு.

கடையில் நிற்கும்போது

மீனை வாங்குவதற்கு முன்னால் 10 நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். கண் தெளிவாக இருக்கிறதா? வயிறு ஒட்டி இருக்கிறதா? செவுள் படபடவென்று அடிக்கிறதா? உடம்பில் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி உண்டா? அப்புறம் "ஒரு தீனி போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள். முகம் சுளிக்கிற கடைக்காரரிடமும் வாங்காதீர்கள். சென்னை கொளத்தூரில் தெருத் தெருவாக வண்ண மீன் கடைகள் இருக்கின்றன. ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர்.

வாங்கி வந்த மீனை நேராகத் தொட்டியில் விடக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் 3, 4 வாரம் தனியாக வைத்து நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து கொடுப்பதும் அங்கேதான். வெள்ளைப் புள்ளிக்குச் செம்பு கலந்த மருந்து கொடுப்பார்கள். அதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் இறால், நத்தை எல்லாம் காலி. பாறையிலும் செம்பு ஊறிவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். கரண்டு போனால் மோட்டார் நிற்கும், காற்று நிற்கும். பேட்டரியில் ஓடும் காற்றுக் கருவி ஒன்று கையில் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடும். தொட்டித் தண்ணீர் 28-ஐத் தாண்டக் கூடாது. குளிரூட்டும் மிஷின் விலை அதிகம். சின்ன மின்விசிறியைத் தண்ணீரின் மேல் படும்படி ஓட விட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். தண்ணீர் வேகமாக வற்றும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடை வாசலில் வெயில் படுகிற இடத்தில் தொட்டி வைக்கவே கூடாது.

இப்போது நிலவரம்

மாமா தொட்டியைக் கடைக்கு உள்ளே, கல்லாவுக்குப் பின்னால் மாற்றிவிட்டார். கீழே இரும்பு ஸ்டாண்டு. மிஞ்சிய டாம்சலை, பெரிய தொட்டி வைத்திருக்கும் புதுச்சேரி நண்பர் வாங்கிக்கொண்டார். 6 வாரம் வெறும் தண்ணீர் ஓடியது. பெயிண்ட் வாங்க வந்தவர்கள் "மீன் எங்கே?" என்று கேட்டுக் கேட்டு மாமாவின் பொறுமையைச் சோதித்தார்கள். பெயிண்ட் வாடையும் மீனுக்கு ஆகாது என்பதால் டின்னர் டப்பாக்கள் எல்லாம் பின்கட்டுக்குப் போய்விட்டன.

போன வாரம் பொரிப்பகத்துக் கோமாளிக் குஞ்சு இரண்டைத் தொட்டியில் விட்டோம். ஒன்று கொஞ்சம் பெரியது. வந்த மூன்றாம் நாளே அது மற்றதை அதட்ட ஆரம்பித்துவிட்டது. சின்னது உடம்பைச் சாய்த்து நடுங்கிக் காட்டுகிறது. "சரி அம்மா, நீ சொன்னபடியே" என்பதற்கு மீன் பாஷையில் அதுதான் அடையாளம்.

அத்தை பார்த்துவிட்டுச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"அடுத்தது என்ன மீன் மாப்ளே?" என்று நேற்று ராத்திரி போன் செய்தார்.

"இன்னும் மூணு வாரம் இருக்கு மாமா" என்றேன்.